இடி விழுந்த சொல்

போன மாதம் சிநேகிதி ஒருத்தி தன் அக்காவின் கலியாணப் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள். கீழே கொமென்ற் வரிசை. சும்மா எண்ணிப் பார்த்தேன், முதல் இருபதில் பதினொன்று 'ஸ்டன்னிங்'. பன்னிரண்டாவது நான் போட்டது. வேற சொல்லு வாயில வரேல்லை. அதே இரவு செய்திகளைத் தட்டிக்கொண்டு போகும்போது, எங்கோ ஒரு நகரத்தில் ஆர்ப்பாட்டக்காரர் மேல் பொலிஸ் 'ஸ்டன் கிரனேட்' வீசியதாக ஒரு வரி. பெரிய சத்தமும் வெளிச்சமும் போட்டு, காதையும் கண்ணையும் கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்ய விடாமல் பண்ணுகிற குண்டு அது. கலியாணப் பொம்பிளைக்கும் கைக்குண்டுக்கும் ஒரே சொல்லோ எண்டு தலைக்குள்ள ஒரு குடைச்சல்.

அந்தக் குடைச்சலோடு அகராதிகளுக்குள் இறங்கினால், கடைசியில் வந்து நிற்கிற இடம் 'அஸ்டோனிஷ்'. பள்ளிக்கூடத்தில் சொற்பட்டியலில் பாடமாக்கியிருப்பீர்கள்: அஸ்டோனிஷ் என்றால் ஆச்சரியப்படுத்து. பரீட்சைக்கு அது காணும்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'தொனாரே' என்றால் இடி இடித்தல். (எங்கட 'தொனி' ஞாபகம் வரும். தொடர்பில்லை, அது சமஸ்கிருத 'த்வனி'யில் இருந்து வந்தது.) அதிலிருந்து பழைய பிரெஞ்சில் 'எஸ்தொனெர்', அதாவது இடி விழுந்தவன்போல் ஆக்குதல். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கப்பல் கப்பலாக வந்திறங்கிய பிரெஞ்சுச் சொற்களின் கூட்டத்தில் இதுவும் ஒன்று. ஆங்கிலத்துக்குள் வந்து மூன்று பிள்ளைகள் பெற்றது. முன்னால் இருந்த 'அ' உதிர்ந்துபோய் 'ஸ்டன்' ஆனது ஒன்று. இறந்தகால வடிவமே வினையடியாக மாறி 'அஸ்டவுண்ட்' ஆனது இன்னொன்று. 'பினிஷ்', 'பனிஷ்' போன்ற சொற்களைப் பார்த்து வாலில் ஒரு 'இஷ்' ஒட்டிக்கொண்டு 16ஆம் நூற்றாண்டில் 'அஸ்டோனிஷ்' ஆனது மூன்றாவது. அதே 'தொனாரே'யின் வழியில் வந்த ஒரு மச்சானும் இருக்கிறார். அவரை எங்களுக்கு நல்லாத் தெரியும்: டெட்டனேற்றர்.

ஆக, தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்குள் வியப்பு பெரிதாக இல்லை. ஓர் உடம்பின் மேல் விழுகிற அடி இருந்தது. அடிபட்டவன் நினைவு தடுமாறி, கைகால் விறைத்து, பேச்சு வராமல் நிற்பான். அந்த நிலைக்குத்தான் பெயர் வைத்தார்கள்.

இதை ஷேக்ஸ்பியரில் நேராகவே பார்க்கலாம். 1599ஐ ஒட்டி எழுதிய 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தின் கடைசி அங்கத்தில், புளுவெலன் என்ற வேல்சுக்காரக் கப்டன் பிஸ்டல் என்ற வாய்வீச்சுக்காரனைப் போட்டு அடிக்கிறான். வேல்சுக்காரர் தங்கள் அடையாளமாகத் தொப்பியில் குத்திக்கொள்ளும் லீக்ஸை இவன் நக்கலடித்ததுதான் காரணம். ஓம், நுவரெலியாவில் இருந்து லொறியில் வருகிற அதே லீக்ஸ்தான். தடியால் அடித்து, அந்த லீக்ஸைப் பச்சையாகத் தின்ன வைக்கிறான். பக்கத்தில் நிற்கும் கவர், காணும், நீ அவனை 'அஸ்டோனிஷ்' பண்ணிப்போட்டாய் என்று மறிக்கிறான். எங்கட சொற்பட்டியலை வைத்து மொழிபெயர்த்தால் 'நீ அவனை ஆச்சரியப்படுத்திவிட்டாய்' என்று வரும். மண்டையில் தடியடி வாங்கியவனுக்கு ஆச்சரியம்! கவர் சொன்னது, அவனுக்கு அறிவு கலங்கிப் போச்சு, விடு எண்டுதான்.

ஏறத்தாழ அதே காலத்து 'ஜூலியஸ் சீசரில்' உண்மையாகவே இடி இடிக்கிறது. நடுங்கிக்கொண்டு நிற்கும் காஸ்கா, தெய்வங்கள் மனிதரை அச்சுறுத்த அனுப்பும் அடையாளங்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறான். 1667இல் வந்த மில்டனின் 'பரடைஸ் லொஸ்ட்' காவியத்தில் சொர்க்கத்தில் இருந்து எறியப்பட்ட தேவதூதர்கள் எரியும் ஏரியில் கிடக்கிற நிலைக்கும் இதே சொல். அதே காவியத்தில், ஏவாள் பழத்தைச் சாப்பிட்டுவிட்டாள் என்று கேட்ட ஆதாம் நிற்கிற நிலைக்கும் இதன் பழைய வடிவம் ஒன்றைத்தான் மில்டன் எடுக்கிறார். அவளுக்கென்று கட்டிய பூமாலை ஆதாமின் கையில் இருந்து நழுவி விழுகிறது. சொல்லின் முழுப் பொருளும் அந்தக் கையில் இருக்கிறது.

1611இன் ஆங்கில பைபிளில் ஒரு சின்ன வேடிக்கை. தீச்சூளைக்குள் நாலு பேர் நடமாடுவதைக் கண்ட நேபுகாத்நேச்சாருக்கும், இயேசுவின் போதனையைக் கேட்ட சனங்களுக்கும் ஆங்கிலத்தில் இந்தச் சொற்குடும்பம்தான். எங்கட வீடுகளில் இருக்கிற தமிழ் பைபிளைத் திறந்தால் ராசா 'பிரமித்து' எழும்புகிறார், சனங்கள் 'ஆச்சரியப்பட்டார்கள்'. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் பார்த்துச் செய்தவர்கள், ஆங்கிலத்தைப் பார்த்தல்ல. ஆனாலும் ஆங்கிலம் ஒரு சொல்லுக்குள் அடைத்து வைத்திருந்ததைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது கண்ணில் படத்தான் செய்கிறது.

1755இல் சாமுவேல் ஜோன்சன் தன் பெரிய அகராதியை வெளியிட்டபோதும் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அச்சமோ வியப்போ திடீரெனப் பிடித்து நிலைகுலைய வைப்பது என்று பொருள் சொல்லி, கடைசியில் 'ஸ்டன்' என்பதையும் சேர்த்தார்.

இதற்குப் பிறகுதான் கதை திரும்புகிறது. 1757இல் எட்மண்ட் பேர்க் என்ற ஐரிஷ் இளைஞர் ஒரு புத்தகம் போட்டார். மலை, புயல், இருள், பெருங்கடல் போன்ற பிரமாண்டங்கள் மனிதருக்கு என்ன செய்கின்றன என்பது பற்றியது. அவற்றின் உச்ச விளைவு 'அஸ்டோனிஷ்மென்ற்' என்றார். மனத்தின் அசைவெல்லாம் அப்படியே நின்றுபோய், கூடவே கொஞ்சம் திகிலும் கலந்திருக்கும் நிலை. மரியாதை, வணக்கம் எல்லாம் அதற்குக் கீழ்ப்படி. இந்தச் சொல்லுக்குள் அச்சமும் வியப்பும் உறவினர் என்பதையும் அவரே கவனித்து எழுதினார். கெட்டிக்காரன்.

ஆனால் அவர் கூடவே ஒரு நிபந்தனை வைத்தார். ஆபத்து மிகக் கிட்ட வந்து நெருக்கினால் அது வெறும் பயங்கரம், அதில் இன்பமில்லை. கொஞ்சம் தூரத்தில் இருந்தால் அதுவே இன்பமாகும். இந்த 'தூரம்' என்ற சொல்லில்தான் எனக்கு இடறுது. கவரின் வாயில் இருந்தபோது இந்தச் சொல் அடிபட்டவனைக் காட்டியது. பேர்க்கின் கையில் அது அடிபடாதவனுக்கு, யன்னலுக்குள் இருந்து புயலைப் பார்ப்பவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதே 1757, ஜூன் 23. பலாசியில் ரொபேட் கிளைவ் வென்றார். வங்காளத்தின் புதிய நவாப் மீர் ஜாபரிடம் இருந்து அவருக்கு மட்டும் கிடைத்த பணம் 2,34,000 பவுண். பிறகு வருசா வருசம் ஏறக்குறைய 27,000 பவுண் வருமானம் வரும் ஜாகீர் வேறு. 1770இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். சனத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு அழிந்துபோனதாக 1772இல் லண்டனுக்கு எழுதியவர் கம்பனியின் ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸேதான். அப்படியிருந்தும் 1771இன் வரி வசூல் 1768ஐயும் தாண்டியது என்று அதே கடிதத்தில் எழுதினார். மூன்றில் ஒன்று இல்லாத ஊரில் முழு வரி.

1772–73இல் நாடாளுமன்றத்தில் கிளைவை விசாரித்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. முர்ஷிதாபாத்தின் பொக்கிச அறைகள் தனக்காக மட்டும் திறந்துவிடப்பட்டதையும், இரண்டு பக்கமும் பொன்னும் மணியும் குவிந்து கிடக்கத் தான் நடுவால் நடந்ததையும் சொல்லிவிட்டு, இப்ப நினைச்சாலும் என்ர அடக்கத்தைப் பார்த்து நானே 'அஸ்டோனிஷ்ட்' ஆகி நிற்கிறேன் என்ற பொருளில் முடித்தார் என்று பதிவாகியிருக்கிறது. இவ்வளவு இருந்தும் இவ்வளவுதானே எடுத்தேன் என்பது கருத்து. நாடாளுமன்றம் அவர் பணம் எடுத்ததை ஏற்றுக்கொண்டது, நாட்டுக்கு அரிய சேவை செய்தார் என்றும் சேர்த்துத் தீர்மானித்தது. அவ்வளவுதான்.

நான் இந்தச் சொல்லின் பயணத்தில் இதைவிடக் கீழான இடத்தைக் காணவில்லை. இடி விழுந்த உடம்புக்கு வைத்த பெயர், இடியாகப் போய் விழுந்தவன் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் சொல்லாகிவிட்டது.

பேர்க்கின் கதை அதோடு முடியவில்லை என்பதையும் சொல்லவேணும். தூரத்தில் இருந்து பார்க்கும் இன்பத்தை எழுதிய அதே ஆள், முப்பது வருசம் கழித்து, இந்தியாவில் நடந்ததை லண்டனுக்குக் கிட்டக் கொண்டுவரப் பார்த்தார். 1788 பெப்ரவரியில் வெஸ்ட்மினிஸ்டர் மண்டபத்தில் ஹேஸ்டிங்ஸுக்கு எதிரான வழக்கைத் தொடக்கி, நாள் கணக்கில் பேசினார். வரி கட்டமுடியாத குடிகளுக்கு நடந்த சித்திரவதைகளை விவரித்தபோது பார்வையாளர் பகுதியில் இருந்த சீமாட்டிகள் சிலர் மயங்கினார்கள் என்று குறிப்புகள் உண்டு. ஏழு வருசம் இழுபட்டு 1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார்.

அதற்குப் பிறகு சொல் இளகிக்கொண்டே போனது. இடியும் போய், திகிலும் போய், 'எதிர்பார்க்கேல்லை' என்பது மட்டும் மிஞ்சியது. அகராதிக்காரர்கள் மட்டும் விடவில்லை போல. ஒரு பழைய பகிடி இருக்கிறது. நோவா வெப்ஸ்டர் வேலைக்காரியை முத்தமிடும்போது மனைவி கண்டுவிட்டு, நான் 'சர்ப்ரைஸ்ட்' ஆகிவிட்டேன் என்றாளாம். அவர், இல்லை, 'சர்ப்ரைஸ்ட்' ஆனது நான், நீ ஆனது 'அஸ்டோனிஷ்ட்' என்று திருத்தினாராம். 'சர்ப்ரைஸ்' என்றால் முதலில் எதிரியை ஆயத்தமில்லாத நேரத்தில் பிடித்தல், அதனால் அவர் இலக்கணம் சரி. இதையே ஜோன்சனுக்கும் பிரான்சின் லித்ரேக்கும் கூட ஒட்டிச் சொல்கிறார்கள். ஆதாரம் ஒன்றுமில்லை. பாவம் அந்த வேலைக்காரி என்ன ஆனாள் எண்டு ஒரு பகிடியிலும் இல்லை.

தமிழில் இந்த அச்சமும் வியப்பும் எப்படிக் குடியிருக்கின்றன? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது மருட்கை நாலாவது, அச்சம் ஐந்தாவது. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் வேலி. மருட்கை புதியதைக் கண்டும் வரும், பெரியதைக் கண்டும் வரும், சிறியதைக் கண்டும் வரும், ஒன்று இன்னொன்றாய் ஆவதைக் கண்டும் வரும். பேச்சிலும் அந்த வேலி இருக்கிறது. ஓ.எல். பரீட்சையில் ஒன்பது ஏ வந்தால் 'இடி விழுந்த மாதிரி இருந்தது' என்று எவரும் சொல்லமாட்டார்கள். எங்களுக்கு இடி விழுவது செத்தவீட்டுச் செய்தியில்தான். அப்ப வருகிற மற்றச் சொல் 'விறைச்சுப் போனன்'. 'அஸ்டோனிஷ்' என்ற சொல்லின் பழைய பொருளுக்கு நான் கண்ட மிகச் சரியான தமிழ் அதுதான். ஒரு அகராதியிலும் அப்பிடிப் போட்டிருக்கக் காணேல்லை.

ஐப்பசி பிறந்தால் எங்கட பக்கம் பின்னேர இடி தொடங்கிவிடும். எனக்கு அந்த இடி விருப்பம். வானம் கறுத்து, முதல் மின்னல் வெட்டும்போது விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து பார்ப்பேன். பேர்க் சொன்ன அதே தூரத்தில், அதே இன்பத்தோடு. போன வருசம் அப்படி இருக்கும்போது பெரிய இடி ஒன்று, கிட்ட எங்கேயோ தென்னையில் விழுந்திருக்கவேணும். திரும்பிப் பார்த்தால் அம்மம்மா குசினி வாசலில் நிலத்தில் குந்தி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மூடியபடி இருக்கிறா. எத்தனை வருசத்துக்கு முந்தி விழுந்த செல்லுகள் அவை. உடம்பு மறக்கேல்லை.

கிட்டப் போய்ப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. என்னம்மம்மா எண்டு கேட்டதற்கு, கொஞ்சம் பொறு மேனை, கால் விறைச்சுப் போச்சு எண்டா. நானும் பக்கத்தில் நிலத்தில இருந்தேன். மழை தொடங்கி, சத்தம் தூரப் போன பிறகு, அவவே சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில வைச்சா.