சிலோன் எண்டொரு மொழி இருந்தது

வெள்ளவத்தையில் நாங்கள் கூடுற இடத்துக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடிச்சு ஒரு தம்பி வருவான். ஏஎல் முடிச்சிட்டான். போன கிழமை கேட்டான்: "அண்ணா, ஜாவா படிக்கிறதோ, இல்லாட்டிப் புதுசா வந்த ஒண்டைப் படிக்கிறதோ?" விளையாட்டுக் கேள்வியில்லை. கோர்ஸுக்கு வீட்டில ஒருக்காத்தான் காசு குடுப்பினம். நாங்கள் அவனுக்குச் சொன்னது எங்கட நாட்டின்ர பெயர் வைத்த ஒரு மொழியின் கதையை.

ஜாவா 1995இல் வந்தது. ஒருமுறை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பதுதான் அதன் வாக்குறுதி. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் அதை நம்பிக் கட்டின. ஆனால் அதுக்குள்ள ஒரு பழைய நோய் இருந்தது: 'நல்'. இல்லாத ஒன்றை இருக்கெண்டு நினைச்சுத் தொட்டால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அப்படியே விழும். 1965இல் இதைக் கொண்டுவந்த டோனி ஹோரே 2009இல் அதைத் தன் 'பில்லியன் டொலர் பிழை' என்றார்.

2011 ஏப்ரலில் ரெட் ஹட் நிறுவனத்தின் கெவின் கிங் ஒரு புதிய மொழியை அறிமுகப்படுத்தினார். பெயர் சிலோன். ஜாவா கோப்பித் தீவு என்றால் இது தேயிலைத் தீவு. பகிடி என்னவென்றால், அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அரச நிறுவனங்களின் பெயரிலிருந்து 'சிலோன்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று இங்கே அரசு முடிவெடுத்திருந்தது. தமிழில் எங்களுக்கு 1972க்கு முன்னும் பின்னும் இலங்கைதான்.

சிலோன் அந்த நோய்க்கு மருந்து வைத்திருந்தது. ஒரு பெறுமதி இல்லாமலும் போகலாம் என்றால் வகையின் பின்னால் கேள்விக்குறி போட வேண்டும். சரிபார்க்காமல் தொட்டால் நிரல் தொகுக்கவே படாது. 2013 நவம்பரில் 1.0 வந்தது.

பிறகு ஏன் தோற்றது? அதே 2011இல் ஜெட்பிரெய்ன்ஸ் கோட்லினை அறிவித்தது. அதிலும் அதே கேள்விக்குறி. ஆனால் சிலோன் தனக்கென்று தனி நூலகமும் தனி மொடியூல் முறையும் கொண்டு வந்தது. கோட்லினோ ஜாவாவின் நூலகத்தையே எடுத்துக்கொண்டு, ஓடுகிற புரொஜெக்டுக்குள் ஒவ்வொரு கோப்பாக நுழைந்தது. வீட்டை இடிக்கச் சொல்லாமல் ஒரு அறையைத் திருத்தித் தந்த மாதிரி. 2017 மேயில் கூகுள் அதை அண்ட்ரொய்டுக்கு ஏற்றுக்கொண்டது. சிலோனின் கடைசி வெளியீடும் அதே ஆண்டுதான்.

கொழும்பிலேயே பிறந்த மொழியும் உண்டு. டபிள்யூஎஸ்ஓ2 உருவாக்கிய பெலரினா 2017இல் அறிவிக்கப்பட்டு, 2019இல் 1.0 ஆனது. வலையில் பல சேவைகளை இணைக்கிற வேலைக்கென்றே செய்தது. அதுவும் ஓடுவது ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தின் மேல்தான்.

அதனால் தம்பிக்கு நாங்கள் சொன்னது இதுதான்: காசைக் கட்டுறது ஜாவாவுக்குக் கட்டு. இந்த மூண்டு புது மொழியும் நிண்டது அந்த அத்திவாரத்திலதான். கோட்லினையும் பெலரினாவையும் காசில்லாமல் இணையத்தில படி. மொழி செத்தாலும் அதன்ர நல்ல யோசனை வேற மொழியில உயிரோட இருக்கும்.

அடுத்த கிழமை அவன் வரேக்க கையில வகுப்பு ரசீது இருந்தது. கொப்பியின் முதல் பக்கத்தில பெரிசா ஒரு கேள்விக்குறி.