என்.பி.எஸ் பணம் ஷேர் மார்க்கெட்டுக்குப் போகிறதா? வரிச்சலுகை இருந்தால் நஷ்டம் வராதா?

மார்ச் மாதம் வந்தாலே பலரும் அவசர அவசரமாக என்.பி.எஸ் கணக்கில் பணம் போடுவார்கள். வரி மிச்சமாகும் என்பதுதான் காரணம். அந்தப் பணம் எங்கே முதலீடாகிறது என்று கேட்டால், 'கவர்மென்ட் ஸ்கீம்தானே, பத்திரமா இருக்கும்' என்பார்கள். அது பாதிதான் உண்மை.

உத்தரவாதம் உண்டா?

தேசிய ஓய்வூதியத் திட்டம்தான் என்.பி.எஸ். 2004-ல் மத்திய அரசின் புதிய ஊழியர்களுக்காகத் தொடங்கியது. 2009 மே மாதம் முதல் பொதுமக்களும் சேரலாம். பி.எஃப்.ஆர்.டி.ஏ என்ற ஆணையம் இதைக் கண்காணிக்கிறது. ஆனால் பி.எஃப் போல ஆண்டுதோறும் வட்டி அறிவிக்க மாட்டார்கள். மார்க்கெட் ஏறினால் பணம் ஏறும், இறங்கினால் இறங்கும்.

ரிஸ்க்கை யார் முடிவு செய்வது?

நீங்கள்தான். பணம் பங்குகள், கம்பெனி கடன் பத்திரங்கள், அரசு கடன் பத்திரங்கள் எனப் பிரியும். அரசு ஊழியர் அல்லாதவர்கள் 'ஆக்டிவ் சாய்ஸ்' எடுத்தால் பங்குகளில் 75% வரை போடலாம். 100% வரை பங்குகளில் போடும் திட்டங்களுக்கும் 2025 அக்டோபர் முதல் அனுமதி உண்டு.

'ஆட்டோ சாய்ஸ்' எடுத்தால் வயது கூடக் கூட பங்கின் அளவு தானாகக் குறையும். அதில் ரிஸ்க் அதிகமான வகையில் 35 வயது வரை 75% பங்குகளில் இருக்கும். 55 வயதில் அது 15% ஆகிவிடும்.

எவ்வளவு அடி விழும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கணக்கில் 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. மார்க்கெட் 30% விழுகிறது. கடன் பத்திரங்களில் மாற்றம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

* பங்கில் 75% இருந்தால்: மிஞ்சுவது 7.75 லட்சம்
* பங்கில் 15% இருந்தால்: மிஞ்சுவது 9.55 லட்சம்

பழைய வரி முறையில், 30% வரி வரம்பில் இருப்பவர் கூடுதல் சலுகையாக 50,000 ரூபாய் போட்டால் மிச்சமாகும் வரி 15,600 ரூபாய். மேலே பார்த்த 2.25 லட்சம் நஷ்டத்தை அது ஈடுகட்டாது.

இப்படியெல்லாம் விழுமா என்றால், விழுந்திருக்கிறது. 2020 ஜனவரியில் 42,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், மார்ச்சில் 26,000-க்கும் கீழே போனது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உயரத்துக்குத் திரும்பியது. 30 வயதுக்காரருக்கு அது ஒரு கெட்ட கனவு, அவ்வளவுதான். ஆனால் அந்த மார்ச்சில் 60 வயது முடிந்து பணத்தை எடுத்தவருக்கு?

இந்தக் கணக்கில் என்ன வசதி?

வெளியே பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேலான லாபத்துக்கு 12.5% வரி. என்.பி.எஸ் கணக்குக்குள் பங்கிலிருந்து கடன் பத்திரத்துக்கு மாறினால் வரி கிடையாது. ஒரு நிதியாண்டில் 4 முறை வரை மாற்றலாம். அதாவது, ரிஸ்க்கைக் குறைக்கச் செலவே இல்லை.

சிக்கல் எங்கே?

வெளியே பங்கில் நஷ்டம் வந்தால் அதை வேறு பங்கு லாபத்தில் கழித்து வரியைக் குறைக்கலாம். என்.பி.எஸ் நஷ்டத்தை அப்படிக் கழிக்க முடியாது. அவசரத்துக்கு மொத்தப் பணத்தையும் எடுக்க முடியாது. ஆண்டுக்குப் போடும் பணத்துக்குச் சலுகை வரம்பும் இருப்பதால், விட்டதைப் பிடிக்க ஒரே ஆண்டில் மொத்தமாகப் போட்டால் முழுத் தொகைக்கும் வரிச்சலுகை கிடைக்காது.

என்ன செய்யலாம்?

ஓய்வுக்கு 20, 25 ஆண்டுகள் இருந்தால் பங்குகளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. விழுந்தாலும் எழ நேரம் இருக்கிறது. 50-ஐத் தாண்டியவர்கள் பங்கு அளவைப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. ஆக்டிவ் சாய்ஸில் அது தானாகக் குறையாது. நீங்கள்தான் மாற்ற வேண்டும். 60 வயதில் மார்க்கெட் சரிந்து கிடந்தால், அன்றே பணத்தை எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கணக்கைத் தொடரலாம்.

முதல் வேலை, என்.பி.எஸ் கணக்கைத் திறந்து பங்கில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை உங்கள் வயதோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.