பிள்ளைக்கு ஒரு பாத்தி

கிண்ணியாப் பக்கத்தில் ஐப்பசி மழை கண்டபின் பயற்றம் விதையொன்றை மண்ணில் ஊன்றினால், ஒரு வாரத்துக்குள் முளையைக் காணலாம். அவ்விதையைச் சிறு பிள்ளையின் கையிலே கொடுப்பதும் கல்வியாகும் என்று பள்ளிக்கூடங்கள் ஏற்றுக்கொண்ட வரலாறு அத்துணைப் பழையதன்று.

ஜேர்மனியில் 1837ஆம் ஆண்டிலே குழந்தைகளுக்கெனக் கல்விக்கூடம் கண்ட பிரெடரிக் புரோபெல், 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். இதனை வெறும் உவமையென்று எண்ணுவோர் பலர். உண்மையில் அவர் வகுத்த முறையில் பாத்திகளும் இருந்தன. சுற்றிலும் பொதுப் பாத்திகள். நடுவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாத்தி, அதிலே அப்பிள்ளையின் பெயர். பொதுப் பாத்தியில் எல்லோரும் கூடி உழைப்பர். தன் பாத்தியிலோ விரும்பியதை விரும்பியபடி நடலாம். பிரஷ்ய அரசு 1851இல் இப்பள்ளிகளைத் தடைசெய்தது. தடை நீங்கக் காணாமலே மறு ஆண்டில் புரோபெல் மறைந்தார்.

இலங்கைக்குப் பள்ளித் தோட்டம் வேறு உருவில் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசினர் கிராமப் பாடசாலைகளில் தோட்டங்களை ஏற்படுத்தினர். அவற்றின் மேற்பார்வையாளராக விளங்கிய சி. டிரீபேர்க், ஆளுநர் சேர் ஹென்றி பிளேக் காலத்தில், 1904இல், தோன்றிய இலங்கை விவசாயச் சங்கத்தின் செயலாளராகவும் பணிபுரிந்தார். இரு பணிகளும் ஒருவரிடமே இருந்தமை திட்டத்தின் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. புதிய காய்கறியும் திருந்திய பயிர்முறையும் பிள்ளை வழியே தகப்பனின் வளவுக்குச் செல்லவேண்டும். நல்ல நோக்கந்தான், எனினும் அங்கே பிள்ளை தூதுவனானானேயன்றித் தோட்டக்காரனாகவில்லை.

பின்னர் கன்னங்கரா கல்வியமைச்சராயிருந்த 1930களில், ஹந்தெஸ்ஸவில் எழுந்த கிராமியக் கல்வித் திட்டம் பயிர்த்தொழிலைப் பாடத்தோடு இணைத்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவ்வாண்டிலேயே பர்மா வீழ்ந்து அரிசி வரவும் நின்றது. மரவள்ளியும் வற்றாளையும் சோற்றுக்கு ஈடாயின. பசித்த காலத்தில் பாத்தியை விளைச்சலால் அளப்பதைக் குறைகூறுதல் தகாது.

பசி தீர்ந்த காலத்திலும் அந்த அளவுகோலே நீடித்தால், ஆறு வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? விதையைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பது அதன் இயல்பு. சில விதைகள் அவ்வாறு கெடும். தனிப் பாத்தியில் அந்த இழப்புக்கு இடமுண்டு. பிறர் மெச்சுவதற்காக வளர்க்கும் தோட்டத்தில் இல்லை.

கிண்ணியாவிலே பருவமும் பார்த்தல் வேண்டும். மாரி மழை ஐப்பசியில் தொடங்கித் தையளவில் ஓய்கிறது. வைகாசிக்குப் பின் வீசும் கச்சான் காற்று இளஞ்செடியை வாட்டிவிடும். முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறையோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக நகர்வது. ஆகவே ஓராண்டுத் திட்டம் சில ஆண்டுகளிற் பொருந்தாமற் போகும். ஒரு மாதத்தில் பிடுங்கக்கூடிய முளைக்கீரை சிறு பிள்ளையின் பொறுமைக்கும் ஏற்றது, விடுமுறைக்கு முன்னும் முடிந்துவிடும். இரு மாதம் நிற்கும் பயற்றையையோ வெண்டியையோ சட்டியில் நட்டால், விடுமுறையில் பிள்ளை அதனை வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம்.