கேஸ் இறங்கிடுச்சு சார்!

போன ஏப்ரல்ல நம்ம வண்டி ஏசி வெறும் காத்தாடி ஆயிடுச்சு. காத்து வருது, குளிர் வரல. பட்டறையில கொண்டு போய் விட்டா, மெக்கானிக் தம்பி பானெட்டைத் தூக்கி ஒரு நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டார். "கேஸ் இறங்கிடுச்சு சார். அடிச்சு விட்டுடறேன்." அதுக்கு முந்தின வருஷமும் இதே தீர்ப்பு, இதே செலவு. "அந்த கேஸ் எங்க தம்பி போகுது?"ன்னு கேட்டேன். "ஓட ஓட தீரும் சார், பெட்ரோல் மாதிரி"ன்னார்.

தீராது மக்களே! பெட்ரோல் எரியும். ஏசி கேஸ் எரியறதில்ல. கம்ப்ரஸர் அதை அழுத்துது, ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கற கண்டென்ஸர்ல சூட்டைக் கொட்டி திரவமாகுது, டேஷ்போர்டுக்குள்ள இருக்கற கூலிங் காயில்ல திரும்ப ஆவியாகி உள்ளே இருக்கற சூட்டை உறிஞ்சுது, மறுபடி கம்ப்ரஸருக்கே போகுது. செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்க வேண்டியது. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஆனா தம்பியை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல. இந்தப் பழக்கத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல சரித்திரம் இருக்கு.

1939 நவம்பர்ல சிகாகோ கார் கண்காட்சியில பேக்கார்டு கம்பெனி, தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தின காரைக் காட்டினாங்க. கூடுதல் விலை 274 டாலர். கூலிங் காயில் பின்சீட்டுக்குப் பின்னாடி டிக்கியில பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. கம்ப்ரஸரை நிறுத்த கிளட்ச் கிடையாது. குளிருதே, அணைக்கணுமேன்னா வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழட்டணும்! ரெண்டு மூணு வருஷத்துல கைவிட்டுட்டாங்க. 1953ல கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாம் களத்துல இறங்கின பிறகுதான் கார் ஏசி நிலைச்சு நின்னுச்சு. 1954ல நாஷ் கம்பெனி முழு செட்டையும் வண்டியோட முன்பக்கத்துலயே அடக்கிட்டாங்க.

ஒழுகறதுக்கான காரணம் இந்த அமைப்புலயே இருக்கு. வீட்டு ஃப்ரிட்ஜ்ல மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் குண்டுக்குள்ள, வெல்டு வச்சு அடைச்சது. குழாயெல்லாம் உலோகம். இருபது வருஷமானாலும் கேஸ் அப்படியே இருக்கும். வண்டியில கம்ப்ரஸரைச் சுத்தறது இஞ்சின் பெல்ட். அதனால அதோட தண்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தே ஆகணும், நீட்டற இடத்துல ஒரு சீல் வேணும். போதாக்குறைக்கு இஞ்சின் ஆடும், கண்டென்ஸர் பாடியோட நிக்கும். ரெண்டையும் இணைக்க ரப்பர் ஹோஸ். ஒவ்வொரு மூட்டுலயும் ஓ-ரிங். ஆக, ஒழுக இடம் வச்சுத்தான் வண்டி ஏசியே பிறந்துச்சு.

ஒழுகினா என்ன, ஊத்திக்கலாம்னு அன்னிக்கு நினைச்சதுக்கும் காரணம் இருந்துச்சு. ஆரம்ப கால ஃப்ரிட்ஜ்கள்ல இருந்தது சல்ஃபர் டை ஆக்ஸைடு, மீதைல் குளோரைடு மாதிரி விஷவாயுக்கள். ஒழுகினா உயிருக்கே ஆபத்து. 1928ல ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த தாமஸ் மிட்ஜ்லி குழு கண்டுபிடிச்சதுதான் பின்னாடி ஆர்-12ன்னு பேர் வாங்கின ஃப்ரியான். விஷமில்ல, தீப்பிடிக்காது. 1930ல அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்துல மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, எரியற மெழுகுவர்த்தி மேல ஊதி அணைச்சுக் காட்டினார். (பெட்ரோல்ல ஈயம் கலக்க வழி சொன்ன புண்ணியவானும் இவரேதான். ஒரே மனுஷன், ரெண்டு வரம்!) இவ்வளவு சாதுவான, மலிவான கேஸ். ஓட்டையைத் தேடற கூலிக்கு ரெண்டு டப்பா வாங்கி ஊத்திடலாம். அமெரிக்காவுல சின்ன டப்பாவா கடையில வாங்கி வீட்டு வாசல்லயே அடிச்சுக்கிட்டாங்க. "கேஸ் அடிக்கறது" ஒரு ரிப்பேராவே ஆயிடுச்சு.

ஒழுகினதெல்லாம் எங்க போச்சு? 1974ல ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் கணக்குப் போட்டுச் சொன்னாங்க. கீழே எதோடயும் சேராத இந்த வாயு மெல்ல மேலே ஏறி, அங்க புற ஊதாக் கதிர் பட்டு உடையுது. அதுல வெளிவர்ற குளோரின் ஓசோனைத் தின்னுது. முதல்ல மாட்டினது ஸ்ப்ரே டப்பாக்கள். 1978ல அமெரிக்கா அதுல தடை போட்டுச்சு. கார் ஏசி தப்பிச்சுது. 1985ல அண்டார்டிகா மேல ஓசோன் ஓட்டை இருக்குன்னு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கட்டுரை போட்டதும் உலகம் முழிச்சுது. 1987 செப்டம்பர் 16ல மாண்ட்ரியால் ஒப்பந்தம். அமெரிக்காவுல 1992 முதல் கேஸைக் காத்துல திறந்து விடறது சட்டவிரோதம், மெக்கானிக்குக்கு சான்றிதழ் கட்டாயம். 1995 முடிவோட அங்க ஆர்-12 உற்பத்தி நின்னதும், மயாமி வழியா அதைக் கடத்திக்கிட்டு வர ஒரு கூட்டமே கிளம்புச்சு!

பதிலுக்கு வந்தது ஆர்-134ஏ. இங்கதான் பட்டறைக்காரங்க பாடு திண்டாட்டம். பழைய மினரல் ஆயில் இதுல கரையாது. அதே ஆயிலோட புது கேஸ் அடிச்சா ஆயில் திரும்பி வராம கம்ப்ரஸர் பிடிச்சுக்கும். பழைய ரப்பர் ஹோஸ் வழியா இது கசியும். இன்னொரு வேடிக்கை: அதுவரைக்கும் கசிவு பார்க்க ஒரு சுடர் விளக்கு வச்சிருப்பாங்க. ஒழுகற இடத்துல காட்டினா சுடர் பச்சையாகும். அந்தப் பச்சை குளோரினால வர்றது. ஆர்-134ஏல குளோரினே இல்ல. விளக்கு குருடாயிடுச்சு. பிறகுதான் எலக்ட்ரானிக் மோப்பக் கருவி, புற ஊதா ஒளியில மின்னற சாயம் எல்லாம் பழக்கத்துக்கு வந்துச்சு.

கேஜ் மாட்டி "பாதிதான் இருக்கு சார்"னு சொல்றாங்களே, அதுவும் பழைய மயக்கம்தான். இஞ்சின் ஓடாதப்போ உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் அழுத்தம் வெப்பநிலையைத்தான் காட்டும், அளவை இல்ல. 30 டிகிரியில ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். நிறைய இருந்தாலும் அதே 97, பாதி இருந்தாலும் அதே 97. அளவு தெரியணும்னா கேஸை வெளிய எடுத்து எடை போடணும்.

பொக்லைன் மாதிரி பெரிய மெஷின்கள்ல கதை இன்னும் மோசம். நீள ஹோஸ், ஓயாத அதிர்வு, மண். நின்ன இடத்துலயே வேலை செய்யறதால எதிர்காத்து கிடையாது, ஃபேன்தான் கதி. கண்டென்ஸர்ல புழுதி அடைச்சா குளிர் குறையும், அழுத்தம் எகிறும். அதையும் "கேஸ் கம்மி"ன்னு நினைச்சு மேல அடிச்சா நிலைமை இன்னும் கெடும். நம்ம நாட்டுல 2025 முதல் புது லாரிகளுக்கும் ஏசி கேபின் கட்டாயமாயிடுச்சு. நல்ல விஷயம், டிரைவர்கள் வெந்தது போதும். ஆனா அத்தனை ஹோஸும் சீலும் ரோட்டுக்கு வருது.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனா ஒரு கிலோ, 1430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு பூமியைச் சூடாக்கும். ஒரு கார்ல இருக்கற அரை கிலோ மொத்தமும் ஒழுகினா முந்நூறு லிட்டர் பெட்ரோல் எரிச்சதுக்குச் சமம். ஐரோப்பாவுல 2017 முதல் புது கார்கள்ல இதுக்குத் தடை. வேற கேஸ் வந்தாச்சு, விலை பல மடங்கு.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம். தம்பிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, கேஸை உறிஞ்சி எடை போடற மெஷின் வச்சிருக்கற வேற பட்டறைக்குப் போனேன். 450 கிராம் இருக்க வேண்டிய இடத்துல 210தான் இருந்துச்சு. சாயம் போட்டு ரெண்டு நாள் ஓட்டிட்டு வரச் சொன்னாங்க. போனா, கண்டென்ஸர் மூட்டுல பச்சையா எண்ணெய்ப் பிசுக்கு மின்னுது. (கேஸோட ஆயிலும் சுத்தறதால, ஒழுகற இடத்துல பெரும்பாலும் எண்ணெய் ஈரம் இருக்கும். சும்மா கண்ணால பார்த்தாலே சில சமயம் மாட்டும்.) காய்ஞ்சு தட்டையாப் போன ஒரு ஓ-ரிங். அதை மாத்தி, வேக்கம் போட்டு, எடை பார்த்து அடிச்சாங்க. இந்த ஏப்ரல்ல யாரும் பானெட்டைத் திறக்கல :-)