தாம்பரத்தில் நிறைவுற்ற எழுத்து வாழ்வு: நாவலாசிரியை வை. மு. கோதைநாயகி அம்மையார்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மின்தொடர்வண்டிப் பாதையில், தாம்பரத்திற்கு முந்தைய நிலையம் 'தாம்பரம் சானடோரியம்'. அதனை நாள்தோறும் கடந்து செல்வோர் பல்லாயிரவர். அந்நிலையத்திற்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனையில்தான், தமிழில் 115 நாவல்களைப் படைத்த பெண்மணி ஒருவர் 1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள் இயற்கை எய்தினார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தாம் 'நாவல் ராணி' என்று வாசகர்களால் போற்றப்பெற்ற வை. மு. கோதைநாயகி அம்மையார். தென்சென்னைப் புறநகரின் இலக்கிய நினைவுகளைத் தொகுக்க முற்படும் எவரும் முதலில் நினைக்க வேண்டிய பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று.

எழுதத் தெரியாமலே எழுத்தாளரானவர்

அம்மையார் 1901ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த நீர்வளூரில் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே தாயை இழந்து, உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தார். ஐந்தரை வயதில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகன் வை. மு. பார்த்தசாரதிக்கும் அப்போது பத்து வயது நிரம்பவில்லை. கம்பராமாயண உரையால் புகழ்பெற்ற வை. மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் தோன்றிய திருவல்லிக்கேணிக் குடும்பமே அவர் புகுந்த வீடாயிற்று. உரையாசிரியர்களைத் தந்த அக்குடும்பத்தின் மருமகளுக்குப் பள்ளிக் கல்வி வாய்க்கவில்லை.

எனினும் கதை சொல்லும் ஆற்றல் அவருக்கு இளமையிலேயே கைவந்திருந்தது. அண்டை வீட்டுக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். பார்த்த நாடகங்கள் மனத்தில் ஊறி, தாமே ஒரு நாடகம் இயற்ற வேண்டும் என்ற வேட்கை பிறந்தது. ஆனால் ஏட்டில் எழுதும் பயிற்சி இல்லை. அவர் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே வர, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டே வந்தார். இவ்வாறு உருவானதே 'இந்திர மோகனா' என்னும் நாடகம். அது 1924இல் அச்சேறியது. பின்னர் அத்தோழியின் துணையாலேயே அம்மையார் எழுதவும் கற்றுக்கொண்டார்.

இச்செய்தியை வெறும் வியப்புக்குரிய நிகழ்ச்சியாகக் கொண்டு கடந்து செல்வது பொருந்தாது. கதை முதலில் அவர் குரலில் பிறந்தது; எழுத்து பின்னால் வந்தது. கதையை ஒருவர் சொல்லப் பலர் கூடிக் கேட்கும் முற்றத்து மரபு அவருடைய உரைநடையின் அடிப்படையாயிற்று. பாத்திரங்கள் நெடுநேரம் பேசுவதும், ஆசிரியர் இடையே புகுந்து அறிவுரை கூறுவதும், நிகழ்ச்சிகள் திடுக்கிடும் திருப்பங்களோடு அடுக்கப்படுவதும் அம்மரபின் கூறுகளே. எழுத்தறிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, எழுத்தறியாத நால்வர் சூழ்ந்திருந்து கேட்ட இல்லங்கள் மிகுந்த காலத்தில், அந்நடை நேரே செவிக்குச் சென்று சேர்ந்தது.

'ஜகன்மோகினி'யின் பிறப்பு

அன்றைய தமிழ் நாவல் உலகில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரே முன்னணியில் நின்றனர். மர்மமும் துப்பறிதலும் காதலும் கலந்த அவர்தம் நூல்கள் பெரிதும் விற்பனையாயின. அம்மையாரின் முதல் நாவலாகிய 'வைதேகி'யும் துப்பறியும் கதைப் போக்குடையதே. அவருக்கு வடுவூரார் ஊக்கமளித்தார். நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்னும் இதழை ஏற்று, 1925இல் தம் பொறுப்பில் வெளிக்கொணர்ந்தார் அம்மையார். 'வைதேகி' அவ்விதழில் தொடராக வெளிவந்தது.

இதழின் ஆசிரியரும் அவரே. அதில் தொடர்கதை எழுதியவரும் அவரே. தொடர் நிறைவுற்றபின் அதனை நூலாக்கி விற்றவரும் அவரே. பிற பத்திராசிரியர்களின் வாயிலில் கையெழுத்துப் படியோடு காத்திருக்கும் நிலை அவருக்கு நேரவில்லை. பெண் எழுதுவதற்கே தடை இருந்த நாளில், எழுதியதை அச்சிடும் உரிமையையும் ஒரு பெண் தன் கையில் வைத்திருந்தமையே அவருடைய நீண்ட எழுத்து வாழ்வின் அடிப்படை. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் 115 நாவல்கள் என்றால், ஆண்டுக்கு மூன்றுக்கும் மேற்பட்டவை. மாதந்தோறும் வாசகரைச் சந்தித்தே தீர வேண்டிய இதழாசிரியரின் கடப்பாடு அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் நிற்கிறது.

எதிர்ப்பும் குறைவாக இல்லை. குடும்பப் பெண் கதை எழுதுவதையும், அதிலும் காதற்கதை எழுதுவதையும் பழிப்புக்குரிய செயலாகக் கருதியோர் பலர். அப்பழிப்பைப் பொருட்படுத்தாது உடன்நின்றவர் கணவர் பார்த்தசாரதியே.

மணத்திற்குப் பின் வந்த காதல்

'பத்மசுந்தரன்', 'கௌரீமுகுந்தன்', 'ருக்மணீகாந்தன்', 'நளினசேகரன்', 'காதலின் கனி' என அவர் நாவல்களின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே அவை எத்தகைய கதைகள் என்பது விளங்கும். பெண் பெயரும் ஆண் பெயரும் கைகோத்து நிற்பன போன்ற தலைப்புகள் அவை. அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. பெயரற்ற தலைவனும் தலைவியும் எல்லாக் காதலர்க்கும் பொதுவாய் நின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடர்கதையோ பெயரையே முன்னிறுத்தியது. பத்மா என்றும் கௌரி என்றும் பெயருடைய பெண்கள் அக்கதைகளைப் படித்தபோது, தலைவி தம்மில் ஒருத்தி என்று உணர்ந்தனர். கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க மாற்றம் இது.

இக்காதற்கதைகளின் சமுதாயப் பொருளை அறிய, அவை எழுந்த காலத்தை நினைவிற்கொள்ள வேண்டும். பெண்ணின் மண வயது பதினான்கு எனவும் ஆணின் மண வயது பதினெட்டு எனவும் வரையறுத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, 1930இல் நடைமுறைக்கு வந்தது. அம்மையார் எழுதத் தொடங்கியபோது அச்சட்டம் இல்லை. நினைவு தெளியுமுன்னரே தாலி ஏறிய பெண்கள்தாம் அவருடைய வாசகியர். அவரும் அவ்வாறே மணம் முடிக்கப்பெற்றவர். விருப்பம் கேட்கப்படாமலே மணவாழ்வில் புகுந்த ஒரு தலைமுறைக்கு, விருப்பம் என ஒன்று உண்டு என்பதையே காதற்கதை முதன்முதலாகச் சொல்லிற்று. பெண் ஒருத்தி ஒருவனை மனத்தால் தெரிவதும், தன் தெரிவுக்காகத் துன்புறுவதும், இறுதியில் அத்தெரிவு மதிக்கப்படுவதும் கதைக்குள்ளேனும் நிகழ்ந்தன. குழந்தை மணம், வரதட்சிணை, கைம்பெண்களின் அவலம், தீண்டாமை, மது ஆகியவற்றை எதிர்க்கும் குரல் காதற்கதையின் ஊடாகவே அவ்வில்லங்களுக்குள் நுழைந்தது.

அம்மையார் தம் சொந்த மணவாழ்வைப் பழித்தவரல்லர் என்பதும் கருதத்தக்கது. பிறர் முடித்து வைத்த அம்மணம் காலப்போக்கில் இணையற்ற தோழமையாக மலர்ந்தது. ஆதலின் அவர் கதைகள் குடும்பத்தைத் துறக்கச் சொல்லவில்லை. அன்பும் மதிப்பும் நிலவும் குடும்பத்தை வேண்டின. இது அவருடைய எல்லை என்போரும் உளர்; அவருடைய வலிமை என்போரும் உளர். பழைமை பேணும் வீடுகளின் கதவுகள் அவருக்குத் திறந்தமைக்கு இந்நிலைப்பாடே காரணம் என்பதில் ஐயமில்லை.

மேடையும் சிறையும் திரையும்

1925இல் சென்னைக்கு வந்த காந்தியடிகளைச் சந்தித்தது அம்மையார் வாழ்வில் ஒரு திருப்பம். பட்டாடையும் அணிகலன்களும் துறந்து கதரே உடுத்தலானார். இனிய குரல்வளம் வாய்ந்த அவர் தேசியப் பாடல்களைப் பாடியும் சொற்பொழிவாற்றியும் மக்களை ஈர்த்தார். 1931இல் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1932இல் மீண்டும் சிறை புகுந்தார். சிறையிலும் எழுத்து நிற்கவில்லை. 'உத்தமசீலன்' சிறையில் உருவான நாவல். சிறையிற் கண்டவையே 'சோதனையின் கொடுமை'க்குக் கருவாயின. அந்நாளில் 'ஜகன்மோகினி' தடையின்றி வெளிவரக் கணவர் பொறுப்பேற்றார்.

திரையுலகமும் அவர் கதைகளை நாடிற்று. 'ராஜமோகன்' 1937இலும், 'அநாதைப் பெண்' 1938இலும் படங்களாயின. அவர் மறைந்து ஆறாண்டுகள் கழித்து, 1966இல் வெளிவந்த கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் 'சித்தி' என்னும் படம் 'தயாநிதி' நாவலைத் தழுவியது. தம்பியின் கல்விக்காகத் தன் காதலைத் துறந்து, முதியவன் ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகும் பெண்ணின் கதை அது. பத்மினி ஏற்ற அப்பாத்திரத்தைக் கண்டு கண்ணீர் வடித்தோருள் எத்துணைப் பேர் மூலக்கதையை எழுதியவரை நினைத்திருப்பர்?

இறுதி நாள்கள்

1956இல் ஒரே மகனாகிய ஸ்ரீநிவாசன் மறைந்த துயரம் அம்மையாரை நிலைகுலையச் செய்தது. எழுத்து தளர்ந்தது, உடல் நலிந்தது, காசநோய் பற்றிக்கொண்டது. அவர் தாம்பரத்திற்குக் கொண்டுவரப்பட்டார்.

நகரத்து நெருக்கடியினின்று விலகிய தூய காற்றும் திறந்த வெளியுமே காசநோய்க்கு மருந்து என நம்பப்பட்ட காலத்தில், மருத்துவர் டேவிட் சவரிமுத்து 1928இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தோற்றுவித்த நிலையம் அது. 1937இல் அரசு அதனை ஏற்றது. 1931இல் தொடங்கிய மின்தொடர்வண்டிப் போக்குவரத்தும், 1937இல் இவ்வூருக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் தாம்பரத்தை வளர்த்தன. ஆயினும் வெளியூர் மக்களுக்கு அந்நாளில் இவ்வூரின் பெயர் அச்சத்தோடு ஒலித்த ஒன்றே. காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்துகளால் குணப்படுத்தலாம் என்று சேத்துப்பட்டிலிருந்த ஆய்வு மையம் உலகுக்கு மெய்ப்பித்தது 1959இல். அதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அம்மையாரின் வாழ்வு இங்கு நிறைவுற்றது. தாம்பரம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பிறந்த மாவட்டத்திலேயே அவர் மறைந்தார். இடைப்பட்ட வாழ்வின் பெரும்பகுதி திருவல்லிக்கேணியில் கழிந்தது.

மறதியும் நினைவும்

1933இல் 'மணிக்கொடி' தோன்றிய பின்னர் வளர்ந்த விமரிசன மரபு, வாசகர் தொகையைக் கொண்டு இலக்கியத்தை அளத்தலாகாது என்று கற்பித்தது. அது தமிழுக்குத் தேவையான பாடமே. அம்மையாரின் நாவல்களில் தற்செயல் நிகழ்வுகள் மிகுதி. பாத்திரங்களுள் நல்லோரும் தீயோரும் கறுப்பும் வெளுப்புமாய்ப் பிரிந்து நிற்பர். நீதி போதனை கதையை அழுத்தும். இவற்றை மறைத்துப் புகழ்வது அவருக்குப் பெருமை சேர்க்காது. ஆனால் தரம் பற்றிய தீர்ப்பு வேறு, வரலாறு வேறு. படிக்கும் பழக்கம் இல்லாதிருந்த இல்லங்களில் மாதந்தோறும் ஓர் இதழுக்காகக் காத்திருக்கும் பெண்களை உருவாக்கியவர் அவர். பிற்காலத்தில் லக்ஷ்மி, அநுத்தமா, சிவசங்கரி, ரமணிசந்திரன் எனத் தொடர்ந்த பெண் எழுத்தாளர்களுக்குக் காத்திருந்த வாசகியர் கூட்டம் வானத்தினின்று குதித்ததன்று. 'ஒரு காவிரியைப் போல' என்னும் நாவலுக்காக லக்ஷ்மிக்கு 1984இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தபோது, அவ்வழியைச் செப்பனிட்டவர் நினைக்கப்பட்டிருக்க வேண்டும்.

புறநகர் வண்டிகளில் மாத நாவல்களை விரித்துப் படித்தவாறே அலுவலகம் சென்ற மகளிரைத் தாம்பரவாசிகள் பல்லாண்டுகள் கண்டுள்ளனர். ஐந்தரை வயதில் மணம் முடிக்கப்பெற்று, எழுத்தறியாத நிலையில் தோழிக்குக் கதை சொல்லத் தொடங்கிய ஒருத்தியின் உழைப்பு அம்மகளிரின் கைகளில் இருந்த நூல்களுக்கும் அடியில் உரமாய்க் கிடந்தது. இலக்கிய வட்டங்கள் தம் ஊர்ப் புலவரையும் அறிஞரையும் போற்றுதல் முறை. அவர்களோடு, இவ்வூர்க்கு நோயாளியாய் வந்து திரும்பாமற் போன இந்நாவலாசிரியையையும் தாம்பரம் தன்னவராகக் கொள்ளுதல் தகும். பிப்ரவரி 20ஆம் நாள் ஆண்டுதோறும் வருகிறது. அவருடைய நாவல் ஒன்றின் சில பக்கங்களை, அவர் சொல்லத் தோழி கேட்டதுபோல, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் அமர்ந்து கேட்பதே அந்நாளுக்கு ஏற்ற நினைவேந்தல் ஆகும்.