தீர்மான வரம்பு (ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்)

தீர்மான வரம்பு என்பது, ஓர் உரிமையை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று முடிவெடுப்பதில் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் உறுப்பு நாடுகளுக்கு விடும் இடமாகும். 1950இல் ரோமில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் முதலில் இக்கோட்பாடு இல்லை. தீர்ப்புகளின் வழியே வளர்ந்தது. சட்ட மரபிலும் சமய வழக்கத்திலும் வேறுபட்ட 46 நாடுகளை இன்று அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது.

கோட்பாட்டுக்கு உருவம் கொடுத்தது 1976இல் வந்த ஹேண்டிசைட் தீர்ப்பு. பள்ளி மாணவர்களுக்காக டென்மார்க்கில் எழுதப்பட்ட 'சிறிய செந்நிறப் பள்ளி நூல்' பாலுறவு பற்றியும் வெளிப்படையாகப் பேசியது. அதன் ஆங்கிலப் பதிப்பை 1971இல் லண்டன் போலீசார் பறிமுதல் செய்தனர். பதிப்பாளர் ஹேண்டிசைடுக்கு அபராதமும் விழுந்தது. டென்மார்க்கில் அந்த நூல் தாராளமாகக் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் தொடரப்பட்ட வழக்கோ தோற்றுப்போனது. ஆனாலும் ஒழுக்கத்துக்கு ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான அளவுகோல் இல்லை, உள்ளூர் நிலையை அந்தந்த நாட்டு அதிகாரிகளே நன்கறிவர் என்று கூறி, கருத்துரிமை மீறப்படவில்லை என ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் முடிவு செய்தது. அதே தீர்ப்பில், புண்படுத்தும், அதிரவைக்கும் கருத்துகளுக்கும் பாதுகாப்பு உண்டு என்றும், இறுதி மேற்பார்வை தன்னிடமே இருக்கும் என்றும் அது உறுதிபடச் சொன்னது.

வரம்பின் அகலம் வழக்குக்கு வழக்கு மாறும். இத்தாலிய வகுப்பறைகளில் சிலுவை மாட்டுவது பற்றிய லவுட்சி வழக்கில், 2009இல் வந்த உரிமை மீறல் என்ற தீர்ப்பை நீதிமன்றத்தின் பேரமர்வு 2011இல் மாற்றி, முடிவை இத்தாலியிடமே விட்டது. அந்தரங்க வாழ்வு என்று வரும்போது வரம்பு சுருங்கும்: வட அயர்லாந்தில் ஆண்களிடையேயான தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டம் 1981இல் டட்ஜன் வழக்கில் உரிமை மீறலாக அறிவிக்கப்பட்டது.

நாடுகளிடையே பொதுக் கருத்து உருவாகிவிட்டதா என்று பார்ப்பதும் ஓர் அளவுகோல். சிறுபான்மையோரின் உரிமையைப் பெரும்பான்மை நாடுகளின் வழக்கத்தைக் கொண்டு அளப்பதுதான் இதன் பெருங்குறை. பால் மாறியோருக்குச் சட்ட அங்கீகாரம் மறுத்த பிரிட்டனை 1986இல் ரீஸ் வழக்கில் நீதிமன்றம் கண்டிக்கவில்லை. 2002இல் குட்வின் வழக்கில்தான் நிலைப்பாட்டை மாற்றியது. இடைப்பட்ட 16 ஆண்டுகளும் பாதிக்கப்பட்டவர்கள் தலையில்தான் விடிந்தன.

2021 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த 15ஆம் நெறிமுறை, இவ்வரம்பை ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே சேர்த்தது. அது நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டது என்ற நிபந்தனையும் அதே வரியில் இடம்பெற்றுள்ளது.