ஏட்டில் வாழ்ந்த மொழியும் நாவில் வாழ்ந்த மொழியும்

சென்ற பொங்கல் விழாவையொட்டிச் சங்கத்தில் நடைபெற்ற பேச்சுப் போட்டிக்கென எம் மகள் ஓர் உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தமிழ் தங்குதடையின்றி வந்தது. மகிழ்ச்சியோடு அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தோம். சொற்கள் அனைத்தும் தமிழ். எழுத்துகள் அனைத்தும் நாகரி! ‘தமிழ்’ என்னும் சொல்லின் ஈற்றில் ழகரம் நிற்க வேண்டிய இடத்தில் இந்தி லகரம் நின்றது. பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து குடியேறிய நம்மிற் பலர் இல்லங்களில் இஃது அன்றாடக் காட்சியே. ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கம் கொள்ளவில்லை. நாவில் மொழியிருந்து கையில் எழுத்தில்லாத மக்கள் என்னவாயினர்? ஏட்டில் எழுத்திருந்து நாவில் மொழியில்லாத மக்கள் என்னவாயினர்? அலுவலகம் விட்ட மாலைப் பொழுதுகளில் நூலகத்தில் அமர்ந்து இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியபோது எம் முன் வந்து நின்றவை இரண்டு மொழிகள். ஒன்று எபிரேயம், மற்றொன்று கொரியம்.

இவை ஒன்றுக்கொன்று உறவுடையன அல்ல என்பதை முதற்கண் கூறிவிடுதல் நலம். கொரியக் குழந்தை தந்தையை ‘அப்பா’ என்றும் தாயை ‘ஒம்மா’ என்றும் அழைக்கிறது. எபிரேயக் குழந்தைக்குத் தந்தை ‘அபா’, தாய் ‘இமா’. கேட்ட மாத்திரத்தே நம்மவர்க்கு மெய் சிலிர்க்கும். மேடையேறி உறவு கொண்டாடவும் தோன்றும். ஆனால் உதடு பொருந்தப் பிறக்கும் ஒலிகள் எந்நாட்டுக் குழந்தைக்கும் எளியவை. ஆதலின் தொடர்பற்ற மொழிகள் பலவற்றிலும் இத்தகைய சொற்கள் பெற்றோரைக் குறித்து நிற்கின்றன. கொரியாவில் ஆசிரியப் பணி புரிந்த ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூலொன்றே வெளியிட்டார். இன்றைய மொழியியலார் அவ்வுறவை ஏற்பதில்லை. எனினும் அவர் மயங்கியதற்குக் காரணம் உண்டு. கொரியத்தில் எழுவாய் முன்னும், செயப்படுபொருள் இடையிலும், வினை ஈற்றிலும் வரும். பெயரின் பின்னே உருபுகள் ஒட்டும். பெரியோரைக் குறிக்கும்போது வினைச்சொல்லே மரியாதை பூண்டு நிற்கும். நமக்குப் பழகிய முற்றம் போன்றதுதான் அது.

எபிரேயத்தின் போக்கோ முற்றிலும் வேறு. அங்கே வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்கள். ‘க், த், ப்’ என்பது எழுதுதற்பொருள் தரும் வேர். அதன் ஈற்றுப் பகரம் பல வடிவங்களில் வகரமாக ஒலிக்கும். ‘கத்தவ்’ என்றால் எழுதினான். ‘மிக்தாவ்’ என்றால் மடல். மெய்கள் அசையாது நிற்க, உயிர்கள் இடையிடையே மாறிப் பொருளை மாற்றுகின்றன. அம்மொழியின் 22 எழுத்துகளும் அடிப்படையில் மெய்யெழுத்துகளே. உயிரைப் படிப்பவர்தாம் இட்டு நிரப்ப வேண்டும். மொழி நாவில் வழங்கும் வரையில் இது குறையாகத் தோன்றாது. வழக்கு மறைந்தபோதுதான் இடர் பிறந்தது.

கி.பி. 132 முதல் 135 வரை உரோமரை எதிர்த்து யூதர் நடத்திய போர் தோல்வியில் முடிந்தது. மக்கள் சிதறினர். ஏறத்தாழ கி.பி. 200 அளவில் எபிரேயம் வீட்டு மொழியாக வழங்குவது அருகிப்போயிற்று. அக்காலத்தில் மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பை உருவாக்கிய யூதா என்னும் பேராசானின் இல்லத்தைப் பற்றித் தல்மூது ஒரு செய்தி சொல்கிறது. மறைநூலில் வரும் சில சொற்களுக்கு மாணாக்கர் பொருளறியாது விழித்தனராம். ஒருநாள் அவ்வில்லத்துப் பணிப்பெண் வேலைக்கிடையே அச்சொற்களை இயல்பாகப் பேசக் கேட்டுப் பொருள் தெளிந்தனராம். கற்றோர் ஏட்டிலே தேடியது அடுக்களையில் இருந்தது! அப்பெண்ணின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை என்பதுதான் எமக்குள்ள வருத்தம்.

அதன்பின் சுமார் 1700 ஆண்டுகள் எபிரேயம் தொழுகையிலும் செய்யுளிலும் மடலிலும் வாழ்ந்தது, தாலாட்டில் வாழவில்லை. ஓதும் முறை மறந்துபோகாதிருக்கும் பொருட்டு, திபேரியா நகரத்து அறிஞர்கள் ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை உழைத்து, எழுத்தின் மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டு உயிரொலிகளைக் குறித்தனர். இதற்கிடையே யூதர் சென்ற நாடுகளின் மொழிகளையெல்லாம் பேசினர். ஆனால் எழுத்தை விடவில்லை. செருமானியக் கிளையான இத்திஷ் மொழியை எபிரேய எழுத்திலேயே எழுதினர். 12-ஆம் நூற்றாண்டில் நம் மேலைக் கடற்கரையில் தங்கி வாணிகம் செய்த யூதரின் மடல்கள் கெய்ரோ நகரத்துப் பழந்தொழுகைக் கூடமொன்றில் கிடைத்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். எம் மகளின் தாளை நேர் எதிராகத் திருப்பிப் பிடித்தது போன்ற நிலை!

1881-இல் எருசலேம் வந்து சேர்ந்த எலியேசர் பென் யெகூதா என்பார், எபிரேயத்தை மீண்டும் வீட்டு மொழியாக்க உறுதி பூண்டார். 1882-இல் பிறந்த தம் மகனின் செவியில் வேறு மொழி விழலாகாது என்று தடை விதித்தார். ஒருநாள் தாய் தன்னையறியாது உருசிய மொழியில் தாலாட்டுப் பாட, தந்தை வெகுண்டெழுந்ததாக அம்மகனே பின்னாளில் எழுதியுள்ளார். தாயின் வாயிலிருந்து தாலாட்டைப் பறித்துத் தாய்மொழி சமைப்பதா என்று எம் உள்ளம் அத்தாயின் பக்கமே சாய்கிறது. அவர் ஒருவரால் மட்டும் மொழி எழவுமில்லை. 1886-இல் ரிஷோன் லெசியோன் என்னும் குடியேற்ற ஊரில் எபிரேயத்தையே பயிற்று மொழியாகக் கொண்ட பள்ளி தோன்றியது. பல நாட்டிலிருந்து வந்து ஒருவர் பேச்சு ஒருவர்க்கு விளங்காத குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் கற்ற மொழியை வீட்டுக்குக் கொண்டுசென்றனர். ‘அகராதி’ என்பதற்கே ‘சொற்களின் நூல்’ என்னும் தொடர்தான் இருந்தது; பென் யெகூதா ‘மிலோன்’ என ஒரு சொல் ஆக்கினார். 1922-இல் பாலஸ்தீனத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக எபிரேயம் ஏற்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அவர் மறைந்தார். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. குடியேறியோர் தாயிடம் கற்ற இத்திஷும் பிறவும் புதிய மண்ணில் ஒதுக்கப்பட்டு வாடின.

கொரியத்தின் கதை மறுகரையிலிருந்து தொடங்குகிறது. அங்கே மொழி ஒருநாளும் நாவை விட்டு நீங்கியதில்லை, இல்லாதது எழுத்தே. கற்றோர் சீன மொழியில் எழுதினர். தம் மொழியை எழுத நேர்ந்தபோதும் சீன எழுத்துகளையே வளைத்து ஒட்டவைத்தனர். எம் மகள் செய்ததும் அதுவேயன்றோ? கற்க முடியாத எளிய மக்கள் தம் குறையை எழுதித் தெரிவிக்க வழியின்றி இருத்தல் கண்டு, சேஜோங் மன்னர் 1443-இல் 28 எழுத்துகளை வகுத்து 1446-இல் வெளியிட்டார். மெய்யெழுத்துகள் நாவும் பல்லும் தொண்டையும் ஒலியெழுப்பும் நிலையைப் படம் பிடிப்பவை. உயிரெழுத்துகள் வானுக்குப் புள்ளி, நிலத்துக்குக் கிடைக்கோடு, மனிதனுக்கு நிலைக்கோடு என்னும் மூன்றினின்றும் பிறந்தவை. மெய்யும் உயிரும் கூடி ஒரே கட்டமாக அமைவது நம் உயிர்மெய்யை நினைவூட்டும். அறிவுடையோன் ஒரு காலைப்பொழுதிலும் அறிவு குன்றியோன் பத்து நாளிலும் கற்கலாம் என்று மன்னரின் அறிஞர் எழுதி வைத்தார். (எம் மகளுக்கு நம் நெடுங்கணக்கு கைவர மூன்று மாதமாயிற்று, குறை அவளிடம் இல்லை, ஞாயிறுதோறும் அரைமணி நேரமே ஒதுக்கிய எம்மிடம்தான்.)

அரசவையோர் இதனை வரவேற்கவில்லை. சீன எழுத்தை விட்டுத் தனியெழுத்து வைத்திருப்போர் நாகரிகமற்ற இனத்தாரே என்று 1444-இல் சோ மல்லி முதலானோர் மன்னரிடம் முறையிட்டனர். பெண்களும் எளியோரும் எழுதும் தாழ்ந்த எழுத்தாகவே அது நெடுங்காலம் கருதப்பட்டது. 1894-இல்தான் அரசு ஆவணங்களில் உரிய இடம் பெற்றது. 1910-இல் ஜப்பான் நாட்டைக் கைப்பற்றியது.

அடுத்து வந்த இருள் பெரிது. 1938 முதல் பள்ளிகளில் கொரியப் பாடம் ஓரங்கட்டப்பட்டு மறைந்தது. 1940-இல் பெயர்களையே ஜப்பானிய முறைக்கு மாற்றும்படி மக்கள் நெருக்கப்பட்டனர். அவ்வாண்டே பெரிய கொரிய நாளேடுகளும் மூடப்பட்டன. இந்நிலையிலும் கொரிய மொழிக் கழகத்தார் 1929-இல் தொடங்கிய அகராதிப் பணியைத் தொடர்ந்தனர். 1942 அக்டோபர் முதல் அவர்களைக் காவலர் கைது செய்யலாயினர். 33 பேர் சிக்கினர். அகராதி தொகுத்தலும் விடுதலைக் கிளர்ச்சியே என்பது குற்றச்சாட்டு. ஈ யுன் ஜே 1943-இலும், ஹான் ஜிங் 1944-இலும் சிறையிலேயே உயிர் நீத்தனர். கையெழுத்துப் படிகள் வழக்குச் சான்றுகளாகப் பறிக்கப்பட்டு, எங்குள்ளன என்றே தெரியாது போயின.

1945 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பான் பணிந்தது. செப்டம்பர் 8-ஆம் நாள் சியோல் இரயில் நிலையத்துப் பண்டகசாலையில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டுகள் சிலவற்றைப் பிரித்தபோது, உள்ளே அகராதியின் கையெழுத்துப் படி இருந்தது! 26,500 பக்கங்கள் என்பர். மேல்முறையீட்டுக்காக ஹம்ஹுங் நகரிலிருந்து அனுப்பப்பட்டவை அவை. கோப்புகளோடு வாழும் எம்போன்ற எழுத்தர்க்கு இச்செய்தி தரும் நடுக்கம் தனி. யாரோ ஒரு பணியாளர் இடம் வேண்டுமென்று அக்கட்டுகளைக் கழித்திருந்தால்?

அப்படிகளைக் கொண்டு 1947 அக்டோபர் 9-ஆம் நாள் முதல் தொகுதி வெளிவந்தது. ஆறாம் தொகுதியோடு 1957-இல் பணி நிறைவுற்றது. அங்கே எருசலேமில் பென் யெகூதா தொடங்கிய எபிரேய அகராதியின் 17 தொகுதிகளும் முற்றுப்பெற்ற ஆண்டு 1959. அவர் மறைந்து அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.